பெரியவர்களிடம் கதை கேட்க உட்காருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெருந்துறைப் பக்கம் எங்கள் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டு ஆசாரத்தில், அதாவது முன்கூடத்தில், ஸ்டாண்டை நிறுத்தி, அதில் போனை மாட்டி, "அமுச்சி, உங்க வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்க" என்றேன். அமுச்சி எழுந்து உள்ளே போனார். சேலையை மாற்றி, தலையைப் படிய வாரி, திருநீறு பூசிக்கொண்டு வந்து நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்தார். "நாங்க எல்லாரும் நல்லாத்தான் இருந்தமுங்க. சாமி புண்ணியத்துல ஒரு கொறையும் இல்லீங்க" என்று போனைப் பார்த்துச் சொன்னார். என்னிடம் ஒருநாளும் 'ங்க' போடாதவர் போனுக்கு மரியாதை கொடுத்தார். நான்கே நிமிடத்தில் எண்பது வருடக் கதை முடிந்துவிட்டது.

அடுத்த பங்குனியில் வேறு சோலியாகப் போயிருந்தேன். பொடக்காளியில் (வீட்டுக் கொல்லையில்) சாக்கை விரித்துப் புளி தட்டிக்கொண்டிருந்தார். நானும் உட்கார்ந்து கொட்டை எடுக்க ஆரம்பித்தேன். கால் மணி நேரம் பேச்சே இல்லை. பிறகு தானாகவே சொன்னார்: "இதேமாட்ட ஒரு புளி தட்டற நாள்லதான் கண்ணு, எங்கப்பன் என்னையக் குடுக்கறதா வாக்குக் குடுத்துட்டு வந்தாரு. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல." அப்புறம் இரண்டு மணி நேரம் நிற்கவில்லை. போன் உள்ளே சார்ஜில் கிடந்தது.

அதற்குப் பிறகு அமுச்சியிடம் சனிக்கிழமைதோறும், வேறு சில பெரியவர்களிடம் அவ்வப்போதும் உட்கார்ந்திருக்கிறேன். தப்புச் செய்து கற்றுக்கொண்டதுதான் அதிகம். வீட்டுப் பெரியவர்களிடம் கேட்க நினைக்கும் பேரன் பேத்திகளுக்கும், முதியோர் இல்லங்களுக்குப் போய் வருகிறவர்களுக்கும் இது உதவலாம். பதிவு தெளிவாக வருவது எனக்கு இரண்டாம்பட்சம். சொல்லி முடித்து எழுகிறவர் உட்கார்ந்தபோது இருந்ததைவிட லேசாக எழ வேண்டும்.

சொல்வதால் என்ன ஆகிறது

1963இல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். வயதானவர்கள் பழைய கதையே பேசிக்கொண்டிருந்தால் மூளை மங்குகிறது என்று மருத்துவம் படித்தவர்களே நினைத்த காலம் அது. பட்லர் அதை மறுத்தார். முடிவு நெருங்குவதை உணர்ந்த மனசு தான் வாழ்ந்ததை எடுத்துப் பார்ப்பது இயல்பு, தீராமல் கிடக்கும் பழைய கணக்குகள் அப்போதுதான் மேலே வருகின்றன என்றார். சிலர் அதில் நிம்மதி அடைவார்கள், சிலரை அது குற்ற உணர்விலும் சோர்விலும் தள்ளும் என்றும் அதே கட்டுரையில் சொல்லியிருக்கிறார். இந்த இரண்டாவது பாதியை எல்லாரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

பின்னால் வந்த ஆய்வுகளும் இரண்டு பக்கத்தையும் காட்டுகின்றன. 2003இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், இப்படி வாழ்க்கையை நினைவுகூரவைப்பது முதியோரின் மனச்சோர்வை நன்றாகவே குறைக்கிறது என்று தெரிந்தது. ஆனால் அதற்கு முன்பே, 1991இல், கனடாவில் வாங், வாட் என்ற இருவர் முதியவர்களின் பேச்சை வகை பிரித்திருந்தார்கள். நடந்ததோடு சமாதானமாகி, அதில் ஓர் அர்த்தம் கண்டு பேசுகிறவர்களும், ஒரு கஷ்டத்தை எப்படிச் சமாளித்தோம் என்று பேசுகிறவர்களும் நன்றாக இருந்தார்கள். பழைய குற்றத்தையும் குறையையும் விடாமல் அரைக்கிறவர்கள் அப்படி இல்லை. நம் ஊர்ப் பேச்சில், கதை சொல்வது வேறு, பொலம்புவது வேறு.

நான் கண்ணால் கண்டது சின்ன மாற்றங்கள்தான். எண்பது வயதில் ஒருவருக்கு எல்லாரும் எதையாவது கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். மாத்திரை கொடுக்கிறார்கள், தண்ணீர் கொடுக்கிறார்கள், கைத்தடியை எடுத்துக் கொடுக்கிறார்கள். "நீங்க சும்மா உக்காருங்க" என்பதும் ஒருவகையில் கொடுப்பதுதான். சனிக்கிழமை காலை மட்டும் அமுச்சி கொடுக்கிறவராகவும் நான் வாங்கிக்கொள்கிறவளாகவும் இருந்தோம். வெள்ளிக்கிழமை இரவே "நாளைக்கு எதைச் சொல்லறது" என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று அத்தை சொன்னார். சர்க்கரையும் பிரஷரும் இதனால் குறையவில்லை. அப்படி யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நேரம், இடம், காது

காலைப் பலகாரம் முடிந்து, மாத்திரை போட்டு, சித்தே ஓய்ந்த நேரம் நல்லது. பத்து மணிவாக்கில் ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில் நிறுத்திவிடுங்கள். அவர்கள் "இன்னுஞ் சொல்றேன்" என்கிற இடத்தில் நிறுத்துவது ஒரு தந்திரம், அடுத்த வாரம் கதவு திறந்தே இருக்கும். ஞாபகம் தடுமாறுகிற நிலையில் இருப்பவர்களிடம் பொழுதோட உட்காராதீர்கள். சாயந்திரம் ஆக ஆக அவர்களுக்குக் குழப்பம் கூடும்.

எந்தக் காது நன்றாகக் கேட்கும் என்று முதலிலேயே விசாரித்து அந்தப் பக்கம் உட்காருங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழ வேண்டும், உதட்டைப் பார்த்துத்தான் பாதிப் பேர் புரிந்துகொள்கிறார்கள். கத்தாதீர்கள். கத்தினால் கேட்காது, திட்டுகிற மாதிரி இருக்கும். பல் செட் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். செட் இல்லாமல் பேசக் கூச்சப்பட்டே சுருக்கமாக முடித்துக்கொள்கிறவர்கள் உண்டு.

சோமனூர், பல்லடம் பக்கமாக இருந்தால் தறிச் சத்தம் பெரிய இம்சை. மின்வாரியம் மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தும் நாளைப் பேப்பரில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்குத் தறி ஓடாது, டிவி ஓடாது, மிக்சி ஓடாது, வீட்டில் இருப்பவர்களுக்கும் வேலை இருக்காது. கதை கேட்க அதைவிட நல்ல நாள் கிடையாது. போனில் மட்டும் முந்தின ராத்திரியே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

கையில் ஒரு பொருள், பக்கத்தில் ஒரு வேலை

"உங்க வாழ்க்கையைப் பத்திச் சொல்லுங்க" என்று கேட்டால் யாருக்கும் வாய் வராது. உங்களைக் கேட்டால் உங்களுக்கு வருமா? கையில் ஒரு பொருள் கொடுங்கள். பரணில் கிடக்கும் தானியம் அளக்கிற வள்ளம், வெண்கலப் போசி, ரேஷன் கார்டு, கல்யாண மொய் நோட்டு, தாத்தாவின் பழைய ஓட்டுநர் லைசென்ஸ், பவானி ஜமுக்காளம். பொருள் இல்லாவிட்டால் வேலை. அவரைக்காயை உரிக்கக் கொடுத்து நீங்களும் கூட உரியுங்கள். கை ஓடிக்கொண்டிருந்தால் கண்ணுக்குக் கண் பார்க்க வேண்டியதில்லை. முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை அவரைக்காயைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள்.

போட்டோ ஆல்பத்தை எல்லாரும் முதலில் எடுப்பார்கள். நான் கடைசியில்தான் எடுப்பேன். ஆல்பம் திறந்தால் "இது ஆரு, அது ஆரு" என்று பெயர்ப் பட்டியலாகப் போய்விடுகிறது. அதில் பாதிப் பேர் இப்போது இல்லை என்பதும் பக்கத்துக்குப் பக்கம் நினைவுக்கு வரும்.

சாப்பாடு பற்றிக் கேட்டால் தப்பவே தப்பாது. "சந்தவை நீங்களே புழிவீங்களா? ஒப்புட்டு எந்த நோம்பிக்கு?" என்று ஆரம்பித்தால் போதும். அரிசிம்பருப்புச் சோறு அந்தக் காலத்தில் ஒறம்பரை (விருந்தாளிகள்) வந்தால்தான், மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறும் ராகிக் களியும்தான் என்று தொடங்கி, நெல்லுச்சோறு சாப்பிட எந்த வீட்டுக் கல்யாணத்துக்கு எத்தனை மைல் நடந்தோம் என்கிறவரை போகும்.

எந்த வயதைப் பற்றிக் கேட்பது

பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் நடுவே நடந்தவை முதுமையில் அடர்த்தியாக நினைவிருக்கும். உலகம் பூராவும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம் இது. போன வாரம் என்ன சாப்பிட்டார் என்று தெரியாதவர், பதினாறு வயதில் சந்தைக்கு ஓட்டிப்போன காளையின் நெற்றிச் சுழியைச் சொல்வார். அங்கிருந்து ஆரம்பியுங்கள்.

வருடம் கேட்காதீர்கள். "எந்த வருசமுங்க?" என்றதும் அவருக்குப் பரீட்சை எழுதுகிற முகம் வந்துவிடும். தெரியவில்லை என்றால் தோற்றுப்போன மாதிரி ஆகிவிடுகிறார்கள். நடந்ததை வைத்துக் கேளுங்கள். நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். சீனாக்காரன் சண்டை 1962. இந்தி எதிர்ப்புப் போராட்டம் 1965. அண்ணா இறந்தது 1969 பிப்ரவரியில். எமர்ஜென்சி 1975இல். எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பரில். இதில் ஏதாவது ஒன்றுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்டால் போதும், வருடத்தை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். அமுச்சியிடம் "உங்க கல்யாணத்துக்கு அணாவா, நயா பைசாவா?" என்றேன். "மொய் வெக்கறப்ப தட்டத்துல ரெண்டுங் கெடந்துச்சு. எழுதறவருக்குக் கணக்கு ஒதைச்சு, சத்தம் போட்டாரு" என்றார். வருடமும் கிடைத்தது, கூடவே ஒரு கோபக்கார மொய்க்காரரும் கிடைத்தார்.

ஊருக்கு ஊர் இப்படி ஒரு பெரிய நிகழ்ச்சி இருக்கும். கோவையில் மில்லுகள் பெருகியது பைக்காரா மின்சாரம் வந்த 1930களில், அதைப் பெரியவர்களின் அப்பா அம்மா கதையாகக் கேட்கலாம். பொள்ளாச்சி, உடுமலை என்றால் பரம்பிக்குளம் ஆழியாறு பாசனத் திட்டம். எங்கள் பக்கம் கீழ்பவானி வாய்க்கால். பவானிசாகர் அணை 1955இல் முடிந்தது. ஏறத்தாழ 200 கிலோமீட்டர் நீளத்துக்கு வாய்க்கால் வெட்டினார்கள். கிணற்றில் மாடு பூட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தால்தான் வெள்ளாமை என்றிருந்த மண்ணுக்கு வேறொரு தண்ணீர் வந்தது. இதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அமுச்சி சொன்னது கிடைக்காது:

"வாய்க்கால்ல தண்ணி வருதுன்னாங்க. புள்ளைங்க எல்லாங் கரை மேல போயி நின்னம். வெள்ளமாட்ட வருமுன்னு பாத்தா, மெல்ல ஊந்துட்டு வருது. முன்னால நொரையுஞ் சருகுந் தூசியுமாத் தள்ளிட்டு. பூச்சி பொட்டெல்லாந் தப்பிச்சு ஓடுது. நாங்களுந் தண்ணி கூடவே நடந்தம், அது நடக்கற வேகத்துக்கு. நின்னா அது முந்திக்குது, வெசையாப் போனா நாங்க முந்திக்கறம். அடுத்த ஊரு வரைக்கும் போயிட்டம். பொழுதோட ஊடு வந்து எங்கப்பங்கிட்ட அடி வாங்குனன்."

இதைச் சொன்னபோது உட்கார்ந்த இடத்திலேயே பாதங்களை எடுத்து எடுத்து வைத்தார். மூட்டு வலிக்காரர்.

வாயை மூடிக்கொள்வது

இதுதான் கஷ்டமான படி. ஒரு கேள்வி கேட்டால் பத்து எண்ணும் வரை பேசாதீர்கள். அவர்கள் யோசிக்கிற இடைவெளி நமக்கு நீளமாகத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. தகவல் தப்பாக இருந்தால் திருத்தாதீர்கள். "அது பெரியப்பா இல்லீங்க, சித்தப்பா" என்று குறுக்கே விழும் மகனை நைசாக டீ வாங்க அனுப்பிவிடுங்கள். நானும் ஒருமுறை அமுச்சியைத் திருத்தினேன். அதோடு அன்றைக்கு "ஆமாங் கண்ணு, நீ படிச்சவ, நீயே சொல்லு" என்று முடித்துக்கொண்டார்.

அழுகை வந்தால் பேச்சை மாற்ற வேண்டாம். தண்ணீர் கொடுத்துவிட்டுப் பேசாமல் உட்காருங்கள். குழந்தை இறந்த கதை, புருசன் அடித்த கதை, கிணற்றில் விழப் போன கதை எல்லாம் வரும். "அதெல்லாம் இப்ப எதுக்குங்க அமுச்சி" என்றால், கேட்க வந்த ஆளும் கேட்கவில்லை என்று ஆகிவிடும். ஆனால் அந்த இடத்தில் எழுந்து வந்துவிடாதீர்கள். துக்கத்தில் இறங்கியவரை மேலே ஏற்றிவிட்டுத்தான் வர வேண்டும். "அந்த நேரத்துல உங்களுக்கு ஆரு தொணையா இருந்தாங்க?" என்பது எனக்குத் தெரிந்த நல்ல ஏணி. யாரோ ஒருத்தர் இருந்திருப்பார், பக்கத்துத் தோட்டத்து நங்கையாவோ, ஒரு நர்சம்மாவோ. பேச்சு அவர்மேல் திரும்பும்.

ஒரே கதை திரும்பத் திரும்ப வந்தால்

கோவையில் எங்கள் தெருக்கோடியில் ஒரு பெரியவர் இருந்தார். முப்பது வருடம் பஞ்சு மில்லில் வேலை. மில் மூடியதும், கணக்கு முடிக்க வருடக் கணக்கில் அலையவிட்டதும்தான் அவர் கதை. யார் போனாலும் அதேதான், அதே வார்த்தைகளில்தான். கடைசியில் முகம் சிவந்து, வீட்டுக்காரம்மா வந்து "போதுமுங்க" என்று கையைப் பிடிக்கிற இடம் வரைக்கும் போகும். அவர் சொன்னது நியாயம்தான். ஆனால் அதைச் சொல்லச் சொல்ல அவருக்கு நல்லது நடக்கவில்லை.

மூன்றாம் தடவை போனபோது, மூடிய நாளைவிட்டு முதல் நாளைக் கேட்டேன். "மில்லுச் சங்கு ஊதறப்ப நீங்க எங்க இருந்தீங்க?" அவர் நிறுத்தினார். மூன்று ஷிப்ட்டுக்கும் சங்கு ஊதும், கடிகாரம் இல்லாத தெருவில் அடுப்பு மூட்டுவதே அந்தச் சங்கை வைத்துத்தான் என்றார். "எழை அந்துபோனா என்ன பண்ணுவீங்க?" என்றேன். தோளில் கிடந்த துண்டிலிருந்து ஒரு நூலை உருவினார். இழுத்து அறுத்தார். இரண்டு முனையையும் கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் பிடித்து ஒரு உருட்டு. என் கையில் கொடுத்து "இழுத்துப் பாருங்க" என்றார். வரவில்லை. "முடிச்சுப் போடக் கூடாதுங்க. முறுக்குலயே சேரோணும். முடிச்சுப் போட்டா தறியில மாட்டிக்கும்." அன்றைக்கு அரை மணி நேரம் மில் மூடியதைப் பற்றி ஒரு பேச்சும் வரவில்லை. அடுத்த வாரம் வந்தது, ஆனால் சீக்கிரம் முடிந்தது.

வாங், வாட் பிரித்த வகைகள் எல்லாம் ஒரே ஆளுக்குள்தான் இருக்கின்றன. "ஏன் அப்படி ஆச்சு?" என்று கேட்டால் பொலம்பலுக்குப் போகும். "எப்படிச் செஞ்சீங்க?" என்று கேட்டால் கைக்குப் போகும். கசப்பான கதை ஐந்தாம் தடவையாக வரும்போது தடுக்காமல், அதே கதையின் வேறு மூலையிலிருந்து ஒரு கேள்வி போடுங்கள்.

யார் கேட்கிறார் என்பது

இது பலரும் எழுதாத விஷயம். நான் தோட்டத்து வீட்டுப் பேத்தி. எங்கள் தோட்டத்தில் நாற்பது வருடம் வேலை செய்த ஒரு அம்மாவிடம் கதை கேட்கலாம் என்று எங்கள் வாசலுக்கே கூப்பிட்டுவிட்டேன். வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "எனக்கு என்னங்க சின்னம்மிணி தெரியும், அம்மாகிட்டக் கேளுங்க" என்று கடைசிவரை நின்றுகொண்டே சொன்னார். யார் வீட்டு வாசலில், யார் காதுபட, யாருடைய பேத்தியிடம் என்பதெல்லாம் கதைக்கு முன்னாலேயே இருக்கிற விஷயங்கள். எனக்கு அது அன்றைக்குத்தான் உறைத்தது.

இரண்டு மாதம் கழித்து அவர் வீட்டுக்குப் போனேன். தரையில் உட்கார்ந்தேன். காபி கொடுத்தார், குடித்தேன். நான் குடித்து முடிக்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேசினார். பதிவு செய்ய வேண்டாம் என்றார், செய்யவில்லை. அதனால் அவர் சொன்னது எதுவும் இங்கே இல்லை.

மாமியார் மருமகள் கணக்கும் இப்படித்தான். மருமகள் சமையல்கட்டில் இருக்கும்போது சொல்லும் கதை வேறு, அவர் கோயிலுக்குப் போன பிறகு சொல்லும் கதை வேறு. ஆண்கள் பலர் தனியாகக் கேட்டால் பேச மாட்டார்கள், நாலு பேர் இருந்தால் களைகட்டும். உடுக்கை அடித்துப் பாடும் உடுக்கடிக் கதையை விடிய விடியக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு 'ஊம்' கொட்ட ஆள் வேண்டும்.

போனும் ரகசியமும்

போனைக் கவிழ்த்து வையுங்கள், ஏரோபிளேன் மோடில் போடுங்கள், ஆடியோ போதும். மேலே ஓடும் ஃபேன் எல்லாவற்றையும் கெடுக்கும். முடித்ததும் கோப்புக்குத் தேதி, ஊர், பொருள் என்று பெயர் போட்டு இரண்டு இடத்தில் வையுங்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமெண்ட்டாக அனுப்புங்கள்.

ஆனால் பதிவைத் தொடங்குமுன் கேளுங்கள், ஒவ்வொரு தடவையும். "சொல்லறது ஆருக்கெல்லாம் போகலாம்?" என்று முடித்த பிறகும் ஒருதரம் கேளுங்கள். நான் கேட்காமல், அமுச்சி பாகம் பிரித்த கதையைச் சொன்ன மூன்று நிமிடத் துண்டைக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டேன். குரல் அழகாக வந்திருக்கிறது என்ற ஆசைதான். ஒரு மணி நேரத்தில் ஒரு மாமா போன் பண்ணி அமுச்சியைச் சத்தம் போட்டார். கிணற்றில் யாருக்கு எத்தனை நாள் தண்ணீர் என்று 1970களில் முடிந்துபோன விவகாரம் மறுக்காக் கிளம்பியது. அமுச்சி என்னைத் திட்டவில்லை. மூன்று வாரம் "தலை வலிக்குது கண்ணு" என்று மட்டும் சொன்னார். நிலம், நகை, பாகம், காதல், சாதி தாண்டிய எதுவானாலும் அவர் உயிரோடு இருக்கும்வரை உங்களோடு இருக்கட்டும்.

ஞாபகம் போய்க்கொண்டிருப்பவர்களிடம்

"ஞாபகம் இருக்குதுங்களா?" என்ற கேள்வியை அடியோடு விட்டுவிடுங்கள். அதற்கு "இல்லை" என்பது மட்டும்தான் அவர்களிடம் இருக்கும் பதில். மூக்குக்கும் கைக்கும் வேலை கொடுங்கள். செக்கில் ஆட்டிய கடலெண்ணெய் வாசம், பஞ்சு, மாட்டுச் சலங்கை, மஞ்சள் கிழங்கு. ஈரோட்டுப் பக்கம் மஞ்சள் வேக வைத்த வாசத்தில் வளர்ந்தவர்கள் அந்தக் கிழங்கைக் கையில் வைத்து முகர்ந்தாலே முகம் மாறும். அவர் சொல்வது நடந்ததா நடக்காததா என்று பார்க்க வேண்டாம், அன்றைக்கு அவர் சிரித்தாரா என்று பாருங்கள்.

எதிர்பார்ப்பை அளவாக வையுங்கள். டிமென்ஷியா (மறதி நோய்) உள்ளவர்களுக்கு இப்படி நினைவுகூரவைப்பது பற்றி 2018இல் 22 ஆய்வுகளை, ஏறக்குறைய 2,000 பேரின் விவரத்தை, ஒன்றாக வைத்து அலசியிருக்கிறார்கள். பலன் சிறியது, எங்கே எப்படிச் செய்கிறோம் என்பதைப் பொறுத்து மாறுகிறது என்பதுதான் முடிவு. மறதி திரும்பாது. இல்லங்களில் இருப்பவர்களின் அன்றாடம் கொஞ்சம் நன்றாகலாம், பேச்சுவார்த்தை கொஞ்சம் கூடலாம்.

எப்போது நிறுத்துவது

சொன்ன ராத்திரி தூக்கம் கெடுவது சகஜம், ஒன்றிரண்டு நாளில் சரியாகும். இரண்டு வாரம் ஆகியும் சாப்பாடு இறங்கவில்லை, யாரோடும் பேசவில்லை, "போய்ச் சேந்துட்டாத் தேவலை" என்று அடிக்கடி சொல்கிறார் என்றால் கதையை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடாதீர்கள். மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416, எந்நேரமும் தமிழில் பேசலாம். முதியோருக்கான உதவி எண் 14567. வீட்டிலேயே யாராவது அடிக்கிறார்கள், சாப்பாடு போடுவதில்லை என்று கதைக்கு நடுவே தெரியவந்தாலும் இந்த இரண்டாவது எண்தான்.

சொல்ல மாட்டேன் என்பவர்களை விட்டுவிடுங்கள். எல்லாருக்கும் பழையதைக் கிளற வேண்டியதில்லை.

இல்லத்தில், கூட்டமாக

கோவையைச் சுற்றி முதியோர் குடியிருப்புகள் நிறைய வந்துவிட்டன. அங்கே இருப்பவர்களில் பலர் வெளியூர்க்காரர்கள், பக்கத்து அறைக்காரரின் ஊர்கூடத் தெரியாமல் இருப்பார்கள். ஆறு பேர், மிஞ்சிப்போனால் எட்டு, அதற்கு மேல் வேண்டாம். வாரம் ஒரு பொருள், ஆளுக்கு ஐந்து நிமிடம். ஓய்வுபெற்ற அதிகாரி ஒருவர் கண்டிப்பாக இருப்பார், அவரை நேரம் பார்க்கிறவராகப் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் அவரே முழு நேரமும் பேசுவார்.

திருப்பிக் கொடுப்பது

கேட்டதை எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்காவிட்டால் வாங்கிக்கொண்டு ஓடிய மாதிரிதான். அவர் பேசின பேச்சிலேயே எழுதுங்கள், பள்ளிக்கூடத் தமிழாக்க வேண்டாம். பெரிய எழுத்தில், ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, ஸ்பைரல் போட்டால் போதும். படிக்கத் தெரியாதவர் என்றால் வாசித்துக் காட்டுங்கள். திருத்தச் சொல்லுங்கள், உங்கள் எழுத்துக்கு அழகு போனாலும் திருத்துங்கள்.

அமுச்சிக்கு முப்பத்திரண்டு பக்கம் வந்தது. இரண்டு சனிக்கிழமை வாசித்தேன். தண்ணீரோடு நடந்த இடத்தை மட்டும் மூன்று தரம் வாசிக்கச் சொன்னார். எனக்கு மிகவும் பிடித்த ஒரு வரி இருந்தது, கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி பற்றியது. அதை வாசித்ததும் "அதை அடிச்சுரு கண்ணு" என்றார். பேனாவால் ஒரு கோடு போட்டேன். அமுச்சிக்கு எழுத்து தெரியாது. ஆனாலும் தாளை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இப்பிடி அடிச்சாப் படிச்சுப்போடுவாங்க. கட்டையா அடி."

எழுந்துபோய் ஸ்கெட்ச் பேனா எடுத்து வந்தேன்.